நான்கு மணி நேரம் யாரும் பொத்தானை அழுத்தாவிட்டால்

வண்ணார்பேட்டையில் ஒரு பாத்திரக்கடையின் மேல்மாடியில் எனக்கு வேலை. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும்போது நான் உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இயந்திரங்களுக்குக் குளிர் வேண்டும். எனக்கு என்ன வேண்டும் என்று இருபத்திரண்டு வருடமாக யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கேபிள் டிவியின் கட்டுப்பாட்டு அறை அது. டவுனிலிருந்து பாபநாசம் வரைக்கும் ஆற்றை ஒட்டிய ஊர்களுக்கெல்லாம் படம் இங்கிருந்துதான் போகிறது. படம் வந்தால் யாரும் என்னை நினைப்பதில்லை. வராவிட்டால் என்னைப் பெற்றவள் வரைக்கும் இழுத்து நினைக்கிறார்கள்.

எங்கள் முதலாளிக்குக் கொஞ்ச காலமாக ஒரு கவலை இருந்தது. கம்பியில் இடம் போதவில்லை. சேனல்கள் கூடிக்கொண்டே போகின்றன, கம்பி அதே பழைய கம்பி. யாரோ யோசனை சொல்ல, வெளிநாட்டில் ஒரு நிறுவனம் கழற்றிப்போட்ட சாதனங்களை வாங்கி இறக்கினார். பீரோ உயரத்துக்கு ஒன்று, கூடவே ஏழெட்டுச் சின்னப் பெட்டிகள். பெட்டிகளின் முதுகில் யாரோ பேனாவால் எழுதி ஒட்டிய துண்டுத் தாள்கள் அப்படியே இருந்தன. எந்த ஊரோ, எந்தத் தெருவோ. நான் அவற்றைப் பிய்க்கவில்லை. பிய்த்தால் புதிதாக எழுதி ஒட்ட வேண்டும். அதற்கும் ஒரு தெம்பு வேண்டுமே. அதனால் விக்கிரமசிங்கபுரத்துக்குப் படம் அனுப்பும் பெட்டியின் மேல் இன்றைக்கும் ஏதோ ஒரு குளிர்தேசத்துத் தெருவின் பெயர்தான் இருக்கிறது.

அது என்ன செய்யும் என்று வீட்டில் என் மனைவி கேட்டாள். ஓட்டலை வைத்துச் சொன்னேன். இட்லியும் சாம்பாரும் யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் தயாராக இருக்கும். அதுபோல ஊரே பார்க்கிற சேனல்கள் எப்போதும் கம்பியில் ஓடிக்கொண்டிருக்கும். ஊத்தப்பம் அப்படியில்லை, யாராவது கேட்டால்தான் கல்லில் ஊற்றுவார்கள். எப்போதாவது ஒருவர் இருவர் பார்க்கிற சேனல்களை, ஒரு பகுதியில் ஒரு வீட்டிலாவது ரிமோட்டை அழுத்திக் கேட்டால்தான் இந்தச் சாதனம் அந்தப் பகுதிக்கு அனுப்பும். பார்ப்பதற்கு ஆள் இல்லையென்றால் எடுத்துவிடும். அந்த இடத்தில் வேறு யாரோ கேட்ட வேறு சேனல் போகும்.

"அப்ப ஒத்த ஆளு மட்டும் கேட்டா?" என்றாள்.

"ஒத்த ஆளு போதும். கேட்டுக்கிட்டே இருக்கணும், அவ்வளவுதான்."

"நல்லா வச்சிய சட்டம்" என்று சொல்லிவிட்டு அவள் தன் சீரியலைப் பார்க்கப் போய்விட்டாள். அவளுடைய சீரியல் வருவது இட்லி சேனலில். அவளுக்கு ஒரு கவலையும் இல்லை.

எது இட்லி, எது ஊத்தப்பம் என்று பிரித்து அந்தச் சாதனத்துக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலை என்னுடையது. பகுதி பகுதியாக எழுத வேண்டும். என் திரையில் ஒவ்வொரு பகுதியும் ஒரு வரிசை. அந்த வரிசையில் அந்த நிமிடம் ஓடுகிற சேனல்கள், பக்கத்தில் ஒரு எண், பார்ப்பவர் எத்தனை பேர் என்று. உண்மையில் அது எத்தனை பேர் என்பதல்ல, எத்தனை பெட்டிகள் என்பதுதான். ஒரு பெட்டிக்கு முன்னால் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தாலும் ஒன்று என்றுதான் காட்டும்.

பிரித்து எழுதி முடிக்க எனக்கு ஒன்றரை மாதம் ஆயிற்று. கழுத்து பிடித்துக்கொண்டது. ஓடவிட்ட இரண்டாவது வாரமே எல்லாப் பகுதியிலும் இடம் நிறைந்து, புதிதாகக் கேட்டவர்களுக்குப் படம் வரவில்லை. ஏன் என்று தலையை உடைத்துக்கொண்டேன். காரணம் எளிது. நம் ஊரில் டிவியை அணைப்பார்கள், கேபிள் பெட்டியை அணைக்க மாட்டார்கள். பெட்டி ஷோகேஸுக்குள்ளே இருக்கும், மேலே பூப்போட்ட துணி இருக்கும், அதன் சுவிட்ச் பீரோவுக்குப் பின்னால் இருக்கும். யார் கைவிட்டு அணைப்பது? டிவி அணைந்த பிறகும் பெட்டி சேனலைக் கேட்டுக்கொண்டே கிடக்கும். சாதனம் வந்த ஊரில் எப்படியோ எனக்குத் தெரியாது. இங்கே கல்யாணவீட்டுக்குப் போய் மூன்று நாள் பூட்டிக்கிடந்த வீட்டில்கூட ஒரு இந்திச் சமையல் சேனலைப் பெட்டி பார்த்துக்கொண்டிருந்தது.

அதற்கும் சாதனத்தில் ஒரு வழி வைத்திருந்தார்கள். நேர எல்லை. இத்தனை மணி நேரம் ரிமோட்டில் யாரும் ஒரு பொத்தானும் அழுத்தாவிட்டால், ஆள் இல்லை என்று எடுத்துக்கொண்டு சேனலை நிறுத்திவிடலாம். நான் நான்கு மணி நேரம் என்று போட்டேன். நிறுத்துவதற்கு ஒரு நிமிடம் முன்னால் திரையில் நீலக் கட்டத்துக்குள் ஒரு வரி வரும். இன்னும் பார்க்கிறீர்களா, பார்த்தால் ஏதாவது பொத்தானை அழுத்துங்கள் என்று. அதைத் தமிழில் போட்டுப் பார்த்தேன். பெட்டிக்குத் தமிழ் எழுத்து வரவில்லை, கட்டம் கட்டமாக வந்தது. சரி போ என்று இங்கிலீஷிலேயே விட்டுவிட்டேன். மறுநாள் எல்லாப் பகுதியிலும் இடம் காலியாகியிருந்தது. முதலாளி மாடியேறி வந்து முதுகில் தட்டினார். எனக்கும் அன்றைக்குச் சந்தோஷம்தான், மறைப்பானேன்.

விக்கிரமசிங்கபுரத்திலிருந்து புகார் வர ஆரம்பித்தது அதற்குக் கொஞ்சம் பிந்தி. ஒரே வீடு, ஒரே புகார். மதியம் சேனல் போய்விடுகிறது. அந்த ஊர் கேபிளைப் பார்த்துக்கொள்கிற ஆபரேட்டர் அண்ணாச்சி என்னைவிட மூத்தவர், என்னைவிடச் சலித்தவர். போய்ப் பார்த்துவிட்டுப் போன் செய்வார்.

"நான் போவும்போதெல்லாம் நல்லாத்தான் வே ஓடுது."

"எப்பம் போனீரு?"

"சாயங்காலம்தான். அந்தம்மா அஞ்சு மணிக்குத்தான வீட்டுக்கு வருது."

மதியம் போய் சாயங்காலம் வருகிறதென்றால் எங்கள் தொழிலில் முதலில் வெயிலைத்தான் சந்தேகிப்போம். கம்பத்தில் தொங்குகிற ஆம்ப்ளிஃபயர் உச்சிவெயிலில் சூடேறிப் படுத்துக்கொள்ளும், சாய்ந்ததும் எழுந்துகொள்ளும். ஆம்ப்ளிஃபயரை மாற்றச் சொன்னேன். மாற்றினார். புகார் வந்தது. கம்பி முனைகளை மாற்றச் சொன்னேன். மாற்றினார். புகார் வந்தது. ஒவ்வொரு முறையும் நான் கணினியில் 'சரிபார்க்கப்பட்டது, குறை இல்லை' என்று எழுதி மூடினேன். எட்டு முறை மூடியிருக்கிறேன். பின்னால் எண்ணிப் பார்த்தபோதுதான் எட்டு என்று தெரிந்தது.

ஒன்பதாவது முறை அந்தம்மாவே என் எண்ணை வாங்கிப் பேசினார்.

"சார், நீங்கதான் மேல இருக்கியளா?"

நான் மேல்மாடியில் இருப்பது உண்மைதான். ஆமாம் என்றேன்.

"எங்க வீட்டு டிவிய ஒருத்தரும் சரி பண்ண மாட்டேங்கிய. எனக்கு நாடகம் பாக்கதுக்கு இல்ல சார். எங்க வீட்டுக்காரவியளுக்கு. அவிய படுக்கையில கெடக்காவ."

அந்தம்மா நிறுத்தாமல் சொன்னதை நான் காதில் போனை வைத்தபடி, இன்னொரு கையால் வேறு எதையோ தட்டிக்கொண்டு கேட்டேன். பாதியில் தட்டுவதை நிறுத்திவிட்டேன். அவர்கள் இருவரும் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர்கள். தோட்டத்தை மூடி ஆட்கள் எல்லோரும் மலையை விட்டுக் கீழே இறங்கியபோது இவர்களும் இறங்கி விக்கிரமசிங்கபுரத்தில் வாடகைக்கு வந்திருக்கிறார்கள். வந்த நாலாவது மாதம் அவருக்குப் பக்கவாதம். வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. அவர் சின்ன வயதில் மலைக்கு அந்தப் பக்கமிருந்து வேலைக்கு வந்த மலையாளி. முப்பது வருடம் மனைவியோடு தமிழ்தான் பேசியிருக்கிறார். இப்போது தமிழில் என்ன சொன்னாலும் அவர் முகத்தில் ஒன்றும் ஓடவில்லை. ஒருநாள் அந்தம்மா டிவியில் சேனலை மாற்றிக்கொண்டே போகும்போது ஒரு மலையாளச் சேனல் வந்திருக்கிறது. அவர் தலையைத் திருப்பிப் பார்த்திருக்கிறார்.

"அதுக்குப் பொறவுதான் சார் அவியளுக்கு முகத்துல ஆளே வந்துச்சு. டாக்டர்ட்ட சொன்னேன். அந்தப் பேச்சு காதுல விழுந்துக்கிட்டே இருக்கட்டும், பேச்சு திரும்ப வந்தாலும் வரும்னாரு. எனக்கு மலையாளம் பத்து வார்த்த தெரியும். அதும் கொழுந்து எடுக்க எடத்துல ஒருத்தர ஒருத்தர் வையதுக்குப் படிச்சது. நான் பள்ளிக்கூடத்துல ஆயா வேலைக்குப் போறேன். எட்டு மணிக்குப் போட்டுவிட்டுட்டுப் போனா அஞ்சு மணிக்கு வாரேன். வந்து பாத்தா டிவி கருப்பா கெடக்கு. மத்தியானம் கஞ்சி குடுக்க வார பக்கத்து வீட்டுக்காரி, அவ வரும்போதே அணைஞ்சுதான் கெடக்குங்கா. நான் பட்டனைத் தட்டுனா வந்துருது."

"அந்தப் பக்கத்து வீட்டம்மாவத் தட்டச் சொல்லக் கூடாதா?"

"அடுத்த வீட்டு டிவிய அவ தொடுவாளா சார்? கெட்டுப்போச்சுன்னா அவ தலையில விழும்லா."

அது சரிதான். நம் ஊரில் யாரும் தொட மாட்டார்கள். அடுத்த வீட்டுக் குழந்தையைக்கூடக் கேட்காமல் தூக்குவார்கள், டிவியைத் தொட மாட்டார்கள்.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. இதை நான் எத்தனை தடவை நினைத்தாலும் கூசுகிறது. எட்டு மணிக்குப் போடுகிறார், மதியம் போகிறது என்று அந்தம்மா வாயாலேயே சொல்லிவிட்டார். நான் வெயிலையே பிடித்துக்கொண்டு தொங்கினேன். நேரில் வந்து பார்க்கிறேன் என்று சொன்னது உதவி செய்கிற எண்ணத்தில்கூட இல்லை, போன் வைக்கட்டும் என்றுதான். சொல்லிவிட்டதால் போக வேண்டியதாயிற்று.

புதன்கிழமை பாபநாசம் பஸ்ஸில் ஏறினேன். அளவெடுக்கிற மீட்டர் மடியில். சேரன்மகாதேவி தாண்டும்வரை தூங்கிவிட்டேன். பதினொன்றரைக்கு அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கதவு வெளியே கொண்டி மட்டும் போட்டிருந்தது. பக்கத்து வீட்டம்மாவிடம் அந்தம்மா முன்பே சொல்லி வைத்திருந்தார். திறந்து போகச் சொன்னார்.

ஒரே அறை. ஒரு கட்டில், எதிரே டிவி. கட்டிலில் அவர் தலையணைகளை அண்டக்கொடுத்துச் சாய்ந்திருந்தார். அறுபதுக்குள்தான் இருக்கும். நன்றாகச் சவரம் செய்த முகம். காலையில் எட்டு மணிக்குள் அதையும் செய்துவிட்டுத்தான் அந்தம்மா வேலைக்குப் போகிறார் என்று புரிந்தது. டிவியில் ஒரு பெண் மலையாளத்தில் கப்பைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தாள். அவர் என்னை ஒருமுறை பார்த்தார், பிறகு கிழங்கைப் பார்த்தார்.

அளந்தேன். சிக்னல் குறையொன்றும் இல்லை. வெளியே போய்க் கம்பத்தடியில் அளந்தேன். அங்கேயும் இல்லை. திரும்பி வந்து செருப்பைக் கழற்றிவிட்டு, கட்டிலுக்குப் பின்னால், அவர் தலைமாட்டுக்கு அந்தப் பக்கம் கிடந்த பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தேன். வெயில் ஏறட்டும், ஆம்ப்ளிஃபயர் படுக்கட்டும், பார்ப்போம் என்று. நான் திரும்பி வந்தது அவருக்குத் தெரியாது. காற்றாடி சுற்றியது. எனக்குக் கண் சொருகியது.

பன்னிரண்டு அடித்து நாலைந்து நிமிடம் இருக்கும். கிழங்கின் மேல் நீலக் கட்டம் விழுந்தது. கட்டத்துக்குள் ஒரு வரி. நான் என் மாடியில் உட்கார்ந்து, கழுத்து வலியோடு, என் இரண்டு விரலால் தட்டிய அதே வரி.

எனக்கு எழுந்து ரிமோட்டைத் தேட வேண்டும் என்று தோன்றவேயில்லை. அவர் அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய இடது கை போர்வை மேல் கொஞ்சம் நகர்ந்தது, எதையோ துழாவியது, அங்கே ஒன்றும் இல்லை. ஒரு நிமிடம் ஆயிற்று. திரை கருத்தது, அந்தப் பெண்ணின் குரல் நின்றது. காற்றாடிச் சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்டது.

அப்போது அவர் பேசினார்.

"ஆருமில்ல" என்றார்.

வெகுநாள் பூட்டிக்கிடந்த தொண்டை. ஆனால் வார்த்தை தெளிவாக இருந்தது, மலையாளத்திலும் தமிழிலும் அது ஒன்றுதான். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம், "ஆருமில்ல" என்றார். யாரிடமும் சொல்லவில்லை. அறையைப் பார்த்துச் சொன்னார். நான் எழுந்து முன்னால் வந்தேன். என்னைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

ரிமோட் பீரோவின் உச்சியில் இருந்தது. பாலித்தீன் பைக்குள் போட்டு ரப்பர்பேண்டு சுற்றி. ஒரு பொத்தானை அழுத்தினேன். கிழங்கு வந்தது. அவர் முகம் அதற்குத் திரும்பியது.

வாசலில் நின்று அந்தம்மாவுக்குப் போன் போட்டேன். பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு நேரம், பிள்ளைகளின் இரைச்சல் கேட்டது. குறை கண்டுபிடித்துவிட்டேன், குறை கம்பியில் இல்லை, நான் போட்ட ஒரு எல்லையில் இருக்கிறது, நாலு மணி நேரம் யாரும் ரிமோட்டைத் தொடாவிட்டால் நின்றுவிடும் என்று விளக்கினேன். மன்னிப்பும் கேட்டேன். ரிமோட்டை ஏன் அவர் கைக்கு எட்டாமல் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"ஒருநா இடது கையால எதையோ அமுக்கிட்டாவ. படமே மாறிப்போச்சு. ஒங்க ஆளு வந்து ஒழுங்கு பண்ண ஒரு வாரம் ஆச்சு. இனிமே அவர்ட்ட ரிமோட்டக் குடுக்காதீயன்னு வஞ்சிட்டுப் போனாரு."

எங்கள் ஆள்தான். எல்லாம் எங்கள் ஆள்தான்.

"இன்னொண்ணும் சொல்லணும்மா. டிவி நின்ன ஒடனே அவரு பேசுனாரு."

பிள்ளைகளின் இரைச்சல் குறைந்தது. அந்தம்மா எங்கோ ஒதுங்கி வந்திருக்க வேண்டும்.

"என்ன சொன்னாவ?"

"ஆருமில்லன்னு சொன்னாரு. ரெண்டு தரம்."

"பேசுனாவளா?"

"நான் காதால கேட்டேன்மா."

"எத்தன நாளா சொல்லுதாவளோ" என்றார். என்னிடம் கேட்ட மாதிரி இல்லை.

ஆபீசுக்குப் போனதும் அந்தப் பகுதிக்கு எல்லையை எடுத்துவிடுகிறேன், இரண்டு நிமிட வேலை என்றேன். அந்தம்மா வேண்டாம் என்றார். ஞாயிற்றுக்கிழமைதான் அந்தம்மா வீட்டில் இருக்கிற நாள். வழக்கமாக அன்றைக்குச் சத்தத்தைக் கூட்டுவது குறைப்பது என்று ரிமோட்டைத் தொட்டுக்கொண்டே இருப்பாராம், அதனால்தான் ஞாயிறு மட்டும் நின்றதேயில்லை. வருகிற ஞாயிறு தொடாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், அது நிற்கட்டும், என் காதால் ஒரு தடவை கேட்டுக்கொள்கிறேன் என்றார். அதற்கு நான் எப்படி மாட்டேன் என்பேன்? வியாழனும் வெள்ளியும் எல்லையை எடுத்து வைத்தேன். சனியும் எடுத்தே இருந்தது. ஞாயிறு காலை எட்டு மணிக்கு முன் மறுபடி போட்டேன். ஞாயிறு எனக்கும் லீவுதான். மனைவி, "அங்கன போயி என்ன செய்யப் போறிய?" என்றாள். சொன்னேன். அவள் எழுந்து டிபன் கட்டிக்கொடுத்தாள்.

என் திரையில் விக்கிரமசிங்கபுரத்தின் வரிசையில் அந்த மலையாளச் சேனல் எட்டு மணி ஆறு நிமிடத்துக்கு எழுந்தது. பார்ப்பவர் ஒன்று. பன்னிரண்டு ஆறுக்கு மறைந்தது. நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டரைக்கு மணி அடித்தது.

"ஒண்ணும் சொல்லல சார்."

"ஒண்ணுமேயா?"

"டிவி நின்னுச்சு. என்னையத் திரும்பிப் பாத்தாவ. பாத்துக்கிட்டே இருந்தாவ. பொறவு கண்ண மூடி ஒறங்கிட்டாவ."

எனக்கு அவமானமாக இருந்தது. கண் சொருகி உட்கார்ந்திருந்தவன் நான். அரைத்தூக்கத்தில் எதையாவது கேட்டுவிட்டு, ஒரு பெண்ணுக்கு ஆசைகாட்டிவிட்டேனோ? அப்படித்தான் இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அந்தம்மாவே பேசினார்.

"நீங்க பொய் சொல்லல சார். நான் இருந்தேம்லா. இருக்கும்போது எப்பிடி ஆருமில்லம்பாவ?"

இது எனக்குத் தோன்றவில்லை. யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று திரையைப் பார்த்துச் சொல்கிற வேலையில் இருக்கிறேன்.

"அடுத்த ஞாயித்துக்கிழம ஒரு தடவ மட்டும் செய்யுங்க சார். அதுக்குப் பொறவு கேக்க மாட்டேன்."

அந்த வாரம் நீளமாக இருந்தது. வேறு இரண்டு ஊரில் கம்பி அறுந்தது, ஒரு பெட்டி எரிந்தது, முதலாளி கத்தினார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். அடுத்த ஞாயிறு, வாரம் முழுக்க எடுத்து வைத்திருந்த எல்லையை மறுபடி போட்டுவிட்டு, ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

அந்தம்மா அன்றைக்குப் பள்ளிக்கூடத்துச் சேலையைக் கட்டியிருக்கிறார். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு, எட்டு மணிக்குச் சேனலைப் போட்டுவிட்டு, வாரேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு, வெளியே கொண்டியைப் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டில் போய் உட்கார்ந்திருக்கிறார். பன்னிரண்டுக்கு எனக்குப் போன் வந்தது. குரலை அடக்கிப் பேசினார்.

"கதவுகிட்ட நிக்கேன். போனை வைக்காதீய. எப்பம் நிக்குன்னு சொல்லுங்க."

"இன்னும் மூணு நிமிசம்மா."

அந்தம்மாவின் மூச்சு எனக்குக் கேட்டது. அதற்குப் பின்னால், கதவுக்கு உள்ளே, மலையாளத்தில் யாரோ மெல்லப் பேசிக்கொண்டிருந்தது கேட்டது. என் அறையில் அத்தனை இயந்திரங்களும் இரைந்துகொண்டிருந்தன. திரையில் அந்த வரிசையிலிருந்து ஒரு சேனல் மறைந்தது.

"போச்சும்மா" என்றேன்.

அவர் சொன்னாரா என்று எனக்குக் கேட்கவில்லை, கதவு இருந்தது, ஊர் இருந்தது, நாற்பது கிலோமீட்டர் இருந்தது. அந்தம்மாவின் மூச்சு நின்றது மட்டும் கேட்டது. பிறகு அது உடைந்தது. கொண்டியை இழுக்கிற சத்தம், தூக்குவாளி கீழே விழுகிற சத்தம்.

"நான் இருக்கேன்" என்று அந்தம்மா சொன்னது கேட்டது. "இங்கனதான இருக்கேன். எங்க போனேன்? இங்கனதான இருக்கேன்."

போனைத் துண்டிக்க அவர் மறந்துவிட்டார். கேட்கக் கூடாது என்று நான் துண்டித்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அந்தப் பகுதிக்கான பக்கத்தைத் திறந்து, நான்கு என்று இருந்த இடத்தில் சைபர் போட்டேன். சைபர் என்றால் எல்லை இல்லை. இனி அந்தச் சேனல் தானாக நிற்காது. முதலாளி என்றைக்காவது கேட்டால் கேட்கட்டும்.

சேமித்துவிட்டு வரிசையைப் பார்த்தேன். பீரோ உச்சியிலிருந்து ரிமோட்டை எடுத்து, ரப்பர்பேண்டைக் கழற்றி, பொத்தானை அழுத்த ஆகிற நேரம்தான் ஆகியிருக்கும். மலையாளச் சேனல் மறுபடி எழுந்தது. பார்ப்பவர் ஒன்று என்று காட்டியது. அன்றைக்கு இரண்டு பேர்.